ஏழு மணி வணக்கம்

அந்த அக்கா என்னிடம் முதன்முதலாகச் சொன்ன வார்த்தை "இன்னொரு தரம்" என்பதுதான்.

ஈப்போவில் புந்தோங் பக்கம், ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்றுக்கு நான் வாடகைக்கு வந்திருந்த புதிது. பக்கத்து வீட்டாரோடு பழகிக்கொள்வோமே என்று வாழைப்பழக் கேக் செய்து ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு போய், கேட்டைத் தள்ளிக்கொண்டு "அக்கா" என்று கூப்பிட்டேன். வாசலுக்கு வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. டப்பாவைப் பார்த்தார். பிறகு வெயில் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று பார்த்தார்.

"தங்கச்சி, கோவிச்சுக்காதம்மா. இன்னொரு தரம் கேட்டுலேர்ந்து வா. அக்கான்னு கூப்பிட்டுக்கிட்டே வரணும்."

இது இந்தத் தெருவின் பழக்கமாக இருக்கும் போலிருக்கிறது என்று நானும் போய் வந்தேன். மூன்று தரம். மூன்றாவது தரம் செருப்பு வழுக்கி, கேக்கைக் காப்பாற்றப் போய், நான் பூந்தொட்டியில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு அதை ஊரே போனில் பார்த்தது. நான் ஒரு லாரி கம்பெனியில் கிராணி. எந்த லாரி எங்கே போக வேண்டும் என்று டிரைவர்களுக்கு எழுதிக் கொடுக்கிற வேலை. அன்றைக்கு ஆபீஸில் நுழைந்ததும் ஒரு டிரைவர் அண்ணன், பூந்தொட்டி சௌக்கியமா என்று விசாரித்தார்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும்; அவ்வளவு சீக்கிரத்தில் போகாது. அன்று சாயங்காலம் அவர் மன்னிப்புக் கேட்பதற்காக ஒரு மங்கு நிறைய நெத்திலிச் சம்பலோடு வந்தார். நான் கதவருகே நின்றுகொண்டு, "இன்னொரு தரம் கேட்டுலேர்ந்து வாங்க" என்றேன். குத்தலாகத்தான் சொன்னேன். அவர் நிஜமாகவே திரும்பிப் போய், கேட்டைச் சாத்தி, மறுபடி திறந்து, "தங்கச்சி" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தார். ஐம்பத்தைந்து வயதுக்காரர். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவரிடம் கோபித்துக்கொள்ள என்னால் முடிந்ததே இல்லை.

அவருடைய பிழைப்பு இதுதான். தினமும் காலை ஏழு மணிக்கு அவருடைய வீடியோ ஒன்று வரும். ஐந்து நிமிடம், மிஞ்சினால் ஆறு. முகம் கொள்ளாத சிரிப்போடு "வணக்கம் என் சொந்தங்களே, நல்லா இருக்கீங்களா?" என்று தொடங்குவார். பிறகு மரவள்ளிக்கிழங்கு அவிப்பார், தேங்காய்ப்பால் ஊற்றிக் கீரை சமைப்பார். நடுநடுவே, சுங்காய்ப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த கதை ஏதாவது சொல்வார். பெரிய புகழ் என்று சொல்ல முடியாது. பேராக்கில் நாலு தமிழ் வீட்டைத் தட்டினால் ஒரு வீட்டில் அவரைத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் அவர் அடுப்பு எரிந்தது அதை வைத்துத்தான்.

அதற்கு முன்னால் பள்ளிக்கூடத்தில் கேன்டீன் நடத்தியவர். கொரோனா காலத்தில் எம்சிஓ என்று ஊரடங்கு போட்டுப் பள்ளிகளை மூடியபோது கேன்டீனும் போய்விட்டது. கணவர் எப்போதோ இறந்துவிட்டார். ஒரே மகன் ஜொகூரில் தங்கி, சிங்கப்பூருக்கு மோட்டாரில் வேலைக்குப் போய் வருகிறவன். வேலை பார்த்தே பழகிய கை சும்மா இருக்குமா? கையில் போன் இருந்தது, எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

"ஒரு நாள் விட்டா மறந்துடுவாங்கம்மா" என்பார். இதை அவர் சொல்லாத நாளே கிடையாது. தொண்டை கட்டியிருக்கட்டும், வீட்டில் தண்ணீர் வராமல் இருக்கட்டும், எதற்காகவும் அந்த ஏழு மணி நின்றதில்லை. வீடியோவுக்குக் கீழே யார் என்ன எழுதினாலும் பதில் போடுவார். "சூப்பர் அக்கா" என்று எழுதியவருக்கும் பதில். "கிழவிக்கு வேற வேலை இல்லையா" என்று எழுதியவனுக்கும் கும்பிட்ட கை இரண்டு. ஒருவரையும் விட்டதில்லை, பத்து நிமிடத்துக்கு மேல் காக்க வைத்ததும் இல்லை. திட்டுகிறவனுக்கு எதற்கு அக்கா கும்பிடு என்று கேட்டால், "திட்டுறதுக்காவது வந்தானேலா" என்பார்.

இது என்ன பைத்தியம் என்று நான் நினைத்ததுண்டு. ஒரு நாள் இருவரும் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தோம். நர்ஸ் உடுப்பில் ஒரு பெண் எங்கள் பக்கத்தில் நின்று மீன் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அக்கா அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். ஆறு வருஷம் அவர் கேன்டீனில் சாப்பிட்டு வளர்ந்த பெண்ணாம். அவள் திரும்பி, மரியாதையாகச் சிரித்து, யார் என்று கேட்டாள். கேன்டீன் என்று சொன்ன பிறகும் அவளுக்கு நினைவு வரவில்லை. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லிவிட்டு மீனோடு போய்விட்டாள். வீட்டுக்கு வந்து அக்கா கேட்டைத் திறக்கிறபோதுதான், "மீ கோரேங்ல முட்ட வேணாம்னு சொல்லும் அந்தப் புள்ள" என்றார். ஏழு மணி அவருக்கு எதற்கு என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அவர் பயந்ததிலும் தப்பில்லை. இப்போது அந்த வீட்டில் கல்யாணமான புது ஜோடி ஒன்று இருக்கிறது. அக்கா மகனோடு ஜொகூருக்குப் போய்விட்டார். எப்போதாவது போனில் பேசுவோம். வீடியோ கால் மட்டும் வேண்டாம் என்பார். வீடியோ நின்ற புதிதில் "அக்கா எங்க போனீங்க?", "வாங்கக்கா" என்றெல்லாம் கீழே எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒரு மாதத்தில் அதுவும் ஓய்ந்தது. இப்போது அங்கே போய் எட்டிப் பார்க்கிறவள் அநேகமாக நான் ஒருத்திதான்.

அவர் எதையும் சுடச்சுடச் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஆவி பறக்கும்போது எடுக்க வேண்டும். எடுத்து முடிப்பதற்குள் ஆறிப்போகும். அதை அப்படியே தட்டில் போட்டு என்னிடம் நீட்டிவிடுவார். தனக்கு ரொட்டியும் தே ஓவும் போதும் என்பார். ஊருக்கே சமையல் சொல்லிக் கொடுத்தவர் பாக்கெட் ரொட்டியைக் கட்டாந்தேநீரில் தோய்த்துத் தின்று வாழ்ந்தார் என்பது எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த ரகசியம்.

தீபாவளி அவர் வீட்டுக்கு மூன்று வாரம் முன்னதாகவே வந்துவிடும். அந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மாதா கோயிலில் பூசை முடிந்து திரும்பியபோது பக்கத்து வாசலில் கோலம் போட்டிருந்தது. புதுப் புடவை, தலை நிறையப் பூ, தட்டுத் தட்டாக முறுக்கு. வாழ்த்துச் சொல்ல வந்த பக்கத்து வீட்டுத் தங்கச்சியாக நான் ஐந்து தரம் கேட்டுக்குள் நுழைந்தேன். வந்ததுதான் வந்தாய், கிறிஸ்துமஸ் வீடியோவையும் முடித்துவிடலாம், உன் வீட்டுக் கிறிஸ்துமஸ் மரத்தை எடுத்து வந்துவிடேன் என்றார். அக்டோபர் மாத வெயிலில் வேர்த்து வழிய நான் மரத்துக்குப் பஞ்சு ஒட்டினேன்.

நிஜத் தீபாவளியன்று காலையில் நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு, பிஸ்கட் டின்னோடு போய்க் கூப்பிட்டேன். அக்கா சாயம் போன பழைய டீ சட்டையில் வந்து கதவைத் திறந்தார். தலை சீவவில்லை. வாசலில் கோலம் இல்லை, சாமி மேடையில் விளக்கும் இல்லை. நான் வாழ்த்துச் சொன்னதும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"தீபாவளிதான் முடிஞ்சிருச்சேம்மா" என்றார்.

அவர் விளையாடவில்லை. ஒரு கணம் நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. மேசைமேல் போனில் புதுப் புடவை கட்டிய அக்கா எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். விடிந்ததிலிருந்து அதற்கு வந்த வாழ்த்துகளுக்கெல்லாம் பதில் போட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. அவனும் வீடியோவுக்கு ஒரு ஹார்ட் போட்டிருந்தான். இரண்டு பேரும் நான் கொண்டுபோன பிஸ்கட்டைத் தின்றோம். எனக்குப் பாவமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது.

தோட்டத்தில் வேலையாட்களை விடியற்காலையில் வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவதைப் பெரட்டு என்பார்கள். அதைப் பற்றி ஒரு நாள் பேச்சு வந்தது.

"எங்கப்பாவுக்குப் பெரட்டுக்கு ஒரு மணி அடிப்பாங்கம்மா. வேல முடிஞ்சா இன்னொரு மணி. அந்த மணி அடிச்சிருச்சுன்னா வேல வாங்குற மண்டோராலகூட ஒண்ணும் சொல்ல முடியாது. எனக்குப் பெரட்டு மணி மட்டும்தான் இருக்கு. முடியற மணிய அடிக்க ஆளே இல்ல."

நீங்களே தவுக்கே, நீங்களே கூலி, அப்புறம் யார் வந்து அடிப்பார்கள் என்று நான் கேலி செய்தேன். ஆனால் மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு வேலை முடிந்து வந்தவள், என் வீட்டுச் சாவியால் அவருடைய இரும்பு கேட்டில் மூன்று தட்டுத் தட்டினேன். உள்ளே, வீடியோ எடுக்கப் போடுகிற ரிங் லைட் அணைந்தது. "வேல முடிஞ்சிருச்சு" என்று அவர் குரல் வந்தது. அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. சில நாள் பத்து நிமிடத்தில் ஜன்னலில் மறுபடி வெளிச்சம் வரும். நான் தலையில் கட்டிய துண்டோடு போய் மறுபடி தட்டுவேன். திருட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டே அணைப்பார்.

சொல்லப்போனால் அந்த மணி எனக்கும் வேண்டியிருந்தது. நானும் தனியாள்தான். ஆறு மணிக்கு நான் வீடு வந்து சேர்ந்தேனா என்று தெரிந்துகொள்ள உலகத்தில் ஒரே ஒரு ஆள் இருந்தார்.

மணி அடித்தும் அவர் தேய்ந்துகொண்டுதான் வந்தார். சிரித்துச் சிரித்துத் தாடை வலிக்கிறது என்பார். பேசிக்கொண்டிருக்கும்போதே பாதியில் நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்ப்பார். ஒரு நாள் நான் போனபோது அடுப்பில் எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. கையில் கடுகோடு நின்று, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று என்னைக் கேட்டார். இருபது வருஷம் கேன்டீன் நடத்தியவர். நான் அடுப்பை அணைத்துவிட்டு, அவரை நாற்காலியில் உட்கார வைத்து, என் யோசனையைச் சொன்னேன்.

எங்கள் கம்பெனியில் எந்த டிரைவரையும் ஏழு நாள் விடாமல் ஓட்ட விடமாட்டோம். நீங்கள் மட்டும் என்ன, இரும்பா? ஒரு வாரத்துக்கு வேண்டிய வீடியோவை முன்கூட்டியே எடுத்து ஸ்டாக் வைத்துவிடுங்கள். தானாகவே ஏழு மணிக்குப் போகிற மாதிரி செய்துவிட்டு, ஒரு வாரம் படுத்துத் தூங்குங்கள். இதுதான் நான் சொன்னது. யோசனை என்னுடையது. இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததே அதை ஒப்புக்கொள்ளத்தான்.

அந்த ஒரு வார லீவுக்காக அவர் இரண்டு வாரம் இரட்டை வேலை பார்த்தார். ஒரே நாளில் மூன்று உடுப்பு மாற்றி மூன்று நாளை எடுத்தார். நான் ஆறு மணிக்குத் தட்டினால், "இன்னிக்கு மட்டும் விட்டுரும்மா, லீவுக்குத்தானே செய்றேன்" என்று கெஞ்சுவார். ஏழு போதும் என்றால் பத்து எடுத்தார், எதற்கும் இருக்கட்டும் என்று. லீவு தொடங்கிய திங்கட்கிழமை காலையில் என்னிடம் தன் வீட்டுச் சாவி ஒன்றைக் கொடுத்தார். முடிந்தால் பாகான் டத்தோவுக்குப் போவேன், ஒரு கூட்டாளி ரொம்ப நாளாகக் கூப்பிடுகிறாள் என்றார். கண் சிவந்திருந்தது. தூக்கமில்லாத கண் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் நான் மணி அடிக்கவில்லை. வேலையே செய்யாதவருக்கு மணி எதற்கு? பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்தியே இருந்தது. பாகான் டத்தோவில் நன்றாகத் தூங்கட்டும் என்று நினைத்தேன். ஏழு மணிக்கு வணக்கம் மட்டும் தவறாமல் வந்தது. செவ்வாய்க்கிழமை இடியாப்பம். ஹார்ட் போட்டேன். புதன்கிழமை கேசரி. ஹார்ட் போட்டேன். வியாழன், வெள்ளியும் அப்படியே. என் யோசனையை நினைத்து எனக்கே கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மத்தியானம் வீட்டுக்கு வந்து, வாங்கி வந்த சோற்றைப் பிரித்து வைத்துக்கொண்டு அன்றைய வீடியோவை மறுபடி போட்டேன். அக்கா குடை பிடித்துக்கொண்டு வாசல் தொட்டியில் கீரை பறித்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து நல்ல மழை சொந்தங்களே என்றார். வெளியே வெயில் கொளுத்தியது. எனக்குச் சிரிப்பு. "இங்க வெயில் மண்டையப் பொளக்குது, உங்க வீட்டுல மட்டும் மழையாக்கா?" என்று கீழே எழுதிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தேன்.

பதில் வரவில்லை. சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து பார்த்தேன். வரவில்லை. அன்று காலையிலிருந்து எழுதிய ஒருவருக்கும் பதில் இல்லை. வெள்ளிக்கிழமை வீடியோவுக்குப் போனேன். அதிலும் இல்லை. வியாழனில் இல்லை, புதனில் இல்லை. திட்டியவனுக்குக்கூடக் கும்பிடு இல்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம் யாருக்கோ போட்டதுதான் கடைசி.

நான் ஓடினேன். அவர் கேட்டுக்குள் கால் வைத்ததும் செருப்பு கண்ணில் பட்டது. வெளியே போட்டுக்கொண்டு போகிற செருப்பு, அதன் இடத்திலேயே கிடந்தது. தொட்டிக் கீரை வாடித் தலை தொங்கிப்போயிருந்தது. அவர் கொடுத்த சாவியால் கதவைத் திறந்தேன்.

ஹாலில், ரிங் லைட் ஸ்டேண்டுக்குக் கீழே, மெத்தையில் கிடந்தார். உடம்பு நெருப்பாகச் சுட்டது. உதடு வெடித்திருந்தது. சார்ஜரில் மாட்டிய போன் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. நான் தொட்டதும் கண்ணைத் திறந்தார்.

"எடுத்தாச்சாம்மா?" என்று கேட்டார்.

டெங்கிக் காய்ச்சல் என்றார்கள் பெரிய ஆஸ்பத்திரியில். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். நான் வராந்தாவில் நின்று மகனுக்குப் போன் செய்தேன். அவன் நம்பவே இல்லை.

"இன்னிக்குக் காலைலகூடப் பார்த்தேனேக்கா. மழையில கீர பறிச்சாங்களே. நல்லாத்தானே இருந்தாங்க."

அவனை என்ன சொல்ல? அவன் ஜொகூரில் இருந்து பார்த்தான். நான் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தேன். அவனாவது மறுநாள் மத்தியானத்துக்குள் வந்துவிடுவதாகச் சொல்லி அழுதான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது நான் பூசைக்குப் போகாமல் கட்டிலருகே பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தேன். கையில் ஏறிய மருந்தில் அக்காவுக்கு நினைவு தெளிந்திருந்தது. தெளிந்ததும் எனக்கு என் பழைய கோபம் வந்துவிட்டது. சுவரை ஒரு தட்டுத் தட்டியிருக்கக் கூடாதா, போனில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன்.

"உன் ஹார்ட்டு வந்துச்சும்மா" என்றார். "தெனம் காலைல மொதல்ல உன்னுதுதான். நீ வந்து பார்த்துட்டுப் போயிட்டேன்னு நெனச்சேன். காய்ச்சல்ல எனக்கு வேற ஒண்ணும் தோணல."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

அப்போதுதான் மணி ஏழானது. அடுத்த கட்டிலில் ஒரு வயதான அம்மா. அவருக்குத் துணையாக இருந்த மகள், தண்ணீர் போத்தலில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் போனிலிருந்து வந்தது குரல்.

"வணக்கம் என் சொந்தங்களே, நல்லா இருக்கீங்களா?"

கணீரென்ற குரல், முகம் கொள்ளாத சிரிப்பு. அந்தப் பெண் எங்கள் பக்கம் திரும்பினாள். இந்த ஆன்டியைத் தினமும் பார்க்காமல் இருக்க முடியாது என்று, அக்காவின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். சொல்லிவிட்டு மறுபடி போனுக்குத் திரும்பிக்கொண்டாள். நான் எழப்போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தார்.

"இல்லம்மா" என்றார் அந்தக் குரலிடம். "நல்லா இல்ல."

எனக்கு மட்டும்தான் கேட்டது. அதற்குள் போனில் இருந்தவர் தேங்காய் துருவ ஆரம்பித்துவிட்டார். நான் பைக்குள் கைவிட்டு வீட்டுச் சாவியை எடுத்தேன். கட்டிலின் இரும்புக் கம்பியில் மூன்று தட்டுத் தட்டினேன். தூரத்திலிருந்து ஒரு நர்ஸ் முறைத்தாள். ஆரஞ்சு உரித்த பெண்ணும் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"வேல முடிஞ்சிருச்சு" என்று சொல்லி அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

கூடுதலாக எடுத்து வைத்த வீடியோ மூன்று இன்னும் மிச்சமிருந்தது. அடுத்த மூன்று நாளும் ஏழு மணிக்கு அவர் வணக்கம் சொல்லி, நல்லா இருக்கீங்களா என்று கேட்டார். அந்த மூன்று நாளும் அந்த நேரத்தில் நான் அவர் கட்டிலருகே இருந்தேன். ஹார்ட் போடவில்லை.